இரண்டு கஸ்கற் போட்ட டீரி 250: உடையார்கட்டில் ஒரு பழைய உந்துருளியை மீட்ட அனுபவம்

உடையார்கட்டில் எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு இயந்திரம் மூன்று மாரி மண்ணுக்குள் கிடந்தது. 2009 தை மாதம், இந்தப் பகுதி பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டும் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், அப்பா தன் யமஹா டீரி 250 உந்துருளியின் இயந்திரத்தைக் கழற்றி, கிறீஸ் பூசி, உரப்பையிலும் தறப்பாளிலும் சுற்றிப் புதைத்தார். சட்டகத்தை மாமரத்தில் சாய்த்துவிட்டுப் புதுக்குடியிருப்புப் பக்கம் நடந்தோம். முகாமிலிருந்து மீளக்குடியமர வந்தபோது சில்லுகள், இருக்கை, விளக்கு எதுவும் இல்லை. சட்டகம் மட்டும் துருவேறி நின்றது. இயந்திரம் புதைத்த இடத்திலேயே இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய உந்துருளிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனபோதுதான் அதைத் திருத்தும் எண்ணம் வந்தது. வன்னியில் இன்னும் பல வீடுகளின் கோடிப்புறத்தில் இப்படிப் பழைய இரண்டு ஸ்ரோக் வண்டிகள் கிடக்கின்றன. அவற்றைத் தொட நினைப்பவர்களுக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

எந்த இனம் இது?

யமஹா 1968 இல் வெளியிட்ட டீரி-1, வீதியிலும் காட்டுப் பாதையிலும் ஓடக்கூடிய வண்டிகளுக்கு உலகச் சந்தையைத் திறந்தது. ஒற்றைச் சிலிண்டர், 246 சீசீ, 70 மில்லிமீற்றர் உள்விட்டம், 64 மில்லிமீற்றர் ஸ்ரோக். 1972 இலிருந்து இந்த வரிசையில் ரீட் வால்வு சேர்ந்தது. உறிஞ்சிய கலவை திரும்பிக் காபரேற்றருக்குள் போகாமல் தடுக்கும் மெல்லிய தகடுகள் அவை. எங்களுடையது பின்னால் இரண்டு அதிர்வுதாங்கி உள்ள, ரீட் வால்வு வைத்த வகை. எழுபதுகளில் வந்த வண்டியை அப்பா மூன்றாம் கையாக வாங்கினார்.

தோண்டுவதற்கு முன், வெட்டுவதற்கு முன்

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணியில் எதையும் தோண்டக்கூடாது. ஒப்படைத்த காணியிலும் அடையாளம் தெரியாத இரும்பைக் கண்டால் கையை எடுத்துவிட்டு அறிவிக்க வேண்டும். பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடிபொருளில் உயிரையும் உறுப்புகளையும் இழந்தவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள்.

அடுத்தது இலக்கங்கள். சட்டக இலக்கம் கைபிடி திரும்பும் கழுத்துக் குழாயில் பொறிக்கப்பட்டிருக்கும். இயந்திர இலக்கம் கிராங் பெட்டியின் மேற்புறத்தில் இருக்கும். துருவை அரத்தால் தேய்த்தால் இலக்கமும் போய்விடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் அது வெறும் இரும்புதான்.

தலையைத் திறந்தபோது

பிஸ்ரன் இறுகியிருந்தது. சுத்தியலால் அடிக்காமல், பிளக் துவாரத்தால் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு கிழமை விட்டோம். பிறகு சிலிண்டரின் வெளிப்புறத்தைச் சூடாக்கி, மரக்கட்டை வைத்துத் தட்ட, அசைந்தது.

சிலிண்டர் தலையைக் கழற்றியபோது உள்ளே இரண்டு கஸ்கற் இருந்தன. ஒன்று கம்பனியுடையது. மற்றது செப்புத் தகட்டில் கையால் வெட்டியது.

அது பொருளாதாரத் தடைக் காலத்தின் வேலை. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத நாட்களில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது, அதனால்தான் அந்தப் பெற்றோல் துளிகள். அதன் ஒக்ரேன் அளவும் குறைவு. அழுத்தம் கூடினால் கலவை தாறுமாறாக வெடித்துப் பிஸ்ரனின் தலையைத் தின்றுவிடும். இன்னொரு கஸ்கற் போட்டால் எரியும் அறையின் இடம் பெருத்து அழுத்தம் குறையும். எங்கள் பிஸ்ரனின் தலையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தன. புகை வெளியேறும் துவாரத்தில் பாதி கரியால் அடைபட்டிருந்தது.

"2002 இலை பாதை திறந்து பெற்றோல் வந்தது தானே அப்பா, ஏன் கழற்றேல்லை?" என்று கேட்டேன்.

"சமாதானம் எத்தினை நாளைக்கு நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும் தம்பி?" என்றார்.

கிராங்கும் காற்றுக் கசிவும்

இரண்டு ஸ்ரோக் இயந்திரத்தில் கிராங் பெட்டியே ஒரு பம்ப். பிஸ்ரன் மேலே போகும்போது கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அதைச் சிலிண்டருக்குள் தள்ளும். ஆகவே கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து பெற்றோல் விகிதம் குறையும். சூடு ஏறிப் பிஸ்ரன் பிடித்துவிடும். பழைய வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் அவசரத்தில் பலர் தொலைப்பது இங்கேதான். சீல்களும் பெயாரிங்குகளும் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கொனக்ரிங் ரொட் மாற்றுவதற்குக் கிராங்கை அழுத்திப் பிரிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஆட்டம் 0.03 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். இதை அளவுமானி உள்ள லேத் பட்டறையில் கொடுங்கள்.

சிலிண்டரை 0.25 மில்லிமீற்றர் படிகளில் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போடலாம். கடைந்த பிறகு துவாரங்களின் கூரான விளிம்பை மழுக்க மறந்தால் ரிங் மாட்டி முறியும்.

பூட்டிய பின் கசிவு பார்க்க எங்களுக்கு உதவியது அம்மாவின் பழைய இரத்த அழுத்தமானி. உறிஞ்சும் வழியையும் புகை வழியையும் ரப்பர் தட்டால் அடைத்து, ஒன்றில் சைக்கிள் ரியூப் வால்வைப் பொருத்தி, அதில் இந்த மானியை இணைத்தோம். 300 வரை ஏற்றினால் ஏறத்தாழ சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தல். இந்தச் சோதனைக்கு அது போதும். முள் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வரும் இடத்தைப் பிடியுங்கள்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

தாங்கியின் துருவைப் பழப்புளிக் கரைசலும் சிறு கற்களும் போட்டுக் குலுக்கி எடுத்தோம். ஒயில் பம்ப் தேய்ந்திருந்ததால் அதை அகற்றி, துவாரங்களை அடைத்து, பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஊற்றுகிறோம். புதுப் பிஸ்ரன் பழகும்வரை லீற்றருக்கு 50 மில்லிலீற்றர், பிறகு 31 மில்லிலீற்றர். முதலில் பெற்றோல் கூடுதலாகப் போகும் ஜெற்றையே காபரேற்றரில் போடுங்கள். பிளக் மண்ணிறமாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். வன்னிப் புழுதிக்கு ஒயிலில் நனைத்த பஞ்சு வடிகட்டியே ஏற்றது. அது கிழிந்தால் ரிங்குகளின் ஆயுள் சில மாதங்கள்தான்.

வயல் வரம்பில் மெதுவாக இழுப்பதற்காகப் பின் பற்சில்லைப் பெரிதாக்கினோம். பின் அதிர்வுதாங்கிகளை, கண்ணுக்குக் கண் நீளம் அளந்து, வேறு வண்டியிலிருந்து பொருத்தினோம். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து மாற்றினோம்.

சட்டகத்தை வெட்டி ஒற்றை அதிர்வுதாங்கி போடவும், துவாரங்களை அரைத்து வேகம் கூட்டவும் பட்டறையில் யோசனை சொன்னார்கள். நான் உடன்படவில்லை. பூட்டியதைக் கழற்றலாம். வெட்டியதையும் அரைத்ததையும் திருப்பி எடுக்க முடியாது. இந்தச் சட்டகம் எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் திரும்பக் கண்ட சில பொருட்களில் ஒன்று.

மீண்டும் வரிசை

2022 ஆடியில் வண்டி முதன்முதலாகக் கிளம்பியது. நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை நின்ற மாதம். கியூஆர் முறையில் உந்துருளிக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பதிவுப் பிரதி கையில் இல்லாததால் டீரிக்கு அதுவும் இல்லை. என் வண்டியின் பங்கிலிருந்து ஒரு போத்தல் எடுத்து ஊற்றினேன். அப்பா உதைத்தார். ஏழாவது உதையில் பிடித்தது. நீலப் புகை மாமரம் வரை போனது. குளக்கட்டு வரை போய்த் திரும்பியவர் இறங்கியதும் ஒன்றுதான் சொன்னார்:

"அந்தச் செப்புத் தகட்டை எறிஞ்சு போடாதை."

எறியவில்லை. பிறகு இணைப் பிரதி வந்து, வண்டி பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஏறிய நாளிலும் அது ஆவணங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது. இன்றும் பதிவுப் பிரதிக்குக் கீழே, கிறீஸ் பூசி, கடதாசியில் சுற்றியபடி இருக்கிறது.