தோள்சீலை முதல் விளம்பரப் பலகை வரை: பெண்ணுடல் குறித்த கிறித்தவ அறத்தின் தடம்

ஆடை விளம்பரங்களில் பெண்ணுடல் காட்டப்படும் முறையைக் கிறித்தவ மேடைகள் கண்டிக்கும்போது, அக்கண்டனம் பெரும்பாலும் அடக்கம் என்ற ஒரே அளவுகோலோடு நின்றுவிடுகிறது. ஆனால் இன்றைய இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு மலைகளையும் நாஞ்சில் நாட்டையும் ஒருசேர உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் பெண்ணுடலை மறைப்பது பற்றிய கேள்வி 19ஆம் நூற்றாண்டில் எழுந்தபோது, உடலை எவ்வளவு மறைப்பது என்பதைக் காட்டிலும், அதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அதன் உயிர்நாடியாக இருந்தது.

அங்கு ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைப்பது மேல்சாதியினருக்குக் காட்ட வேண்டிய மரியாதையை மீறுவதாகக் கருதப்பட்டது. லண்டன் மிஷனரி சங்கத்தின் பணியால் கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள், கர்னல் ஜான் மன்றோ திவானாக இருந்த 1811-1814 காலத்தில், சிரியன் கிறித்தவப் பெண்கள் அணிந்ததைப் போன்ற குப்பாயம், அதாவது தளர்வான மேற்சட்டை, அணிந்துகொள்ள அனுமதி பெற்றனர். மிஷனரிகளின் அடக்க உணர்வுக்கு அது போதுமானதாக இருந்தது, பெண்களுக்குப் போதவில்லை. மேல்சாதிப் பெண்கள் தோளில் இட்டுக்கொண்ட தோள்சீலையையே அவர்கள் குப்பாயத்தின் மேல் அணிந்து தெருவுக்கு வந்தனர். 1829இல் வெளியான அரச ஆணை குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது. 1858-59இல் கலவரம் மூண்டு, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அழுத்தம் தந்த பின், 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட பிரகடனம்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடையோடுதான் மார்பை மறைக்க இசைந்தது. குப்பாயம் போதும் என்பதில் அரண்மனையும் மிஷன் இல்லமும் ஏறக்குறைய ஒத்துப்போயின என்பதும், அப்பெண்களின் கோரிக்கை இரண்டையும் கடந்து நின்றது என்பதும் இவ்வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்திகள். 1820களில் அதே சங்கத்தின் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னல் ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடைகளுக்கு அழகு சேர்த்தது. தம் தோளில் ஒரு துணியிடப் போராடிய சமூகத்தின் பெண்களே பிறருடைய நாகரிக உடைக்கு உழைத்தனர்.

இதே திருவிதாங்கூரின் தேவிகுளம் பகுதியிலுள்ள மூணாற்று மலைகளில், 1877இல் ஜான் டேனியல் மன்றோ (திவான் மன்றோ அல்லர்) பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து நிலக் குத்தகை பெற்ற பின் தோட்டங்கள் பெருகி, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் கணிசமானோர் கிறித்தவர்கள். தேயிலை விற்பனைக்கு உருவான பெண்ணுருவம், பளிச்சிடும் சேலையும் புன்னகையுமாகக் கொழுந்து கிள்ளும் பெண், அவர்களின் வேலைக்கோலத்தை, அதாவது சேலைமேல் போட்ட ஆண் சட்டையையும் இடுப்பில் சுற்றிய சாக்கையும் அட்டைக்கடியையும், முற்றிலும் துடைத்துவிட்டது. இவ்வுருவத்தில் ஆபாசம் சிறிதும் இல்லை. ஆயினும் உழைப்பவளின் உடல் பண்டத்தின் அலங்காரமாக மாற்றப்பட்டிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997இல் விளம்பர அறம் குறித்து வெளியிட்ட ஆவணம் உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என மூன்று நெறிகளை வகுத்து, பெண்ணைப் பொருளாக்கிக் காட்டுவதை மாண்புக்கு எதிரானதாகக் கண்டது. கடவுளின் சாயலாக மனிதர் படைக்கப்பட்டனர் என்ற தொடக்கநூல் கொள்கையே இம்மாண்புக்கு அடிப்படை. இந்திய அரசின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களை இழிவுபடுத்தும் சித்திரிப்பையும் ஆபாசச் சித்திரிப்பையும் விளம்பரங்களில் தடைசெய்கிறது. சட்டம் இழிவையும் கருதுகிறது. ஆனால் பிரசங்க மேடைகள் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆடை அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு துணியின் நீளத்தை அளப்பதால், பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியே கோவை செல்லும் சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் எழும் பட்டு, நகை விளம்பரங்களின் மணப்பெண் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறாள். தலை முதல் கால் வரை மூடப்பட்ட அவ்வுடலில் வரதட்சணையின் எடையே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அடக்க அளவுகோலால் அவ்விளம்பரத்தில் குறைகாண இயலாது. மாண்பு என்ற அளவுகோல் அதை நிச்சயம் கண்டிக்கும். வெண்ணிறமே வெற்றி தரும் எனக் கூறும் முகப்பூச்சு விளம்பரங்களும் இவ்வகையினவே. கருநிறத்தாரைத் தாழ்வாகக் காட்டலாகாது என விளம்பரத் தர மன்றம் 2014இல்தான் நெறிமுறை வகுத்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் ஒன்பது நாள் வீதியில் அமர்ந்து, 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனஸுக்கு எதிராகப் போராடி 20 விழுக்காடு பெற்றனர். விளம்பரத்தில் வாய் திறவாத அப்பெண்ணுருவம் கூலியையும் லயத்து வீட்டையும் பற்றித் தன் குரலில் பேசிய நிகழ்வு அது. குப்பாயத்தோடு நிறைவடைய மறுத்தவர்களின் கோரிக்கையை ஆராயும் திருச்சபை வரலாறு, விளம்பர அறம் பற்றிய தன் போதனையில் இந்த மூணாற்றுப் பெண்களின் சாட்சியத்தையும் மூலமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.