காத்து பிரிஞ்சுச்சா?

மதுரைப் பக்கம் வயிற்று ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் வலியைப் பற்றிக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுச்சா?" கப்பலூரில் எங்கள் தெருவில் யாரும் இதைக் கூச்சப்பட்டுக் கேட்டதில்லை. சித்தப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தபோது சித்தி மூன்று நாள் இந்த ஒரு சேதிக்காகத்தான் உட்கார்ந்திருந்தார். வயிறு உப்பிக் கிடந்தது, ஒரு வாய் தண்ணீர் கூடாது. தையலில் கோளாறு ஒன்றுமில்லை. அப்புறம் குடல் ஏன் படுத்துக்கொண்டது?

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் (மச்சினன் உறவு) நாய்களின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடல் அசைவு நின்றிருந்தது. தண்டுவடத்திலிருந்து குடலுக்கு வரும் ஸ்பிளாங்க்னிக் நரம்புகளை வெட்டியதும் அசைவு திரும்பியது. ஆக, நரம்புதான் பிரேக் போடுகிறது. 1906இல் அமெரிக்காவில் வால்டர் கேனனும் மர்பியும் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, அது நகர்வதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். மயக்க மருந்தைவிட, வயிற்றைத் திறந்ததைவிட, குடலைக் கையால் தொட்டதுதான் அதிகம் முடக்கியது.

பாதி விடை அங்கேயே இருந்தது. ஆனால் நரம்பு பிரேக் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும், குடலோ நாள்கணக்கில் கிடக்கிறது. இந்த இடைவெளியை ரொம்பக் காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 'ஆபரேஷன்னா அப்படித்தான்' என்று பழகிவிட்டது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தொழிலிலும் தினமும் வருகிற எரரை யாரும் லாக்கில் தேடமாட்டார்கள்.

1998இல் பிட்ஸ்பர்க்கில் கால்ஃப், பவர் குழு எலிகளின் குடலைப் பல அளவுகளில் தொட்டுப் பார்த்தது. எவ்வளவு அதிகம் தொட்டார்களோ அவ்வளவு வெள்ளணுக்கள் குடலின் தசைக்குள் குவிந்தன, அவ்வளவு தசை சோர்ந்தது. தசை அடுக்கில் சும்மா கிடக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தொட்டதும் விழித்து, ரசாயனச் சேதி அனுப்பி, ரத்தத்திலிருந்து படை திரட்டுகின்றன. கூடவே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தசையைத் தளர்த்திவிடுகிறது. கிருமி இல்லாமலே ஓர் அழற்சி! 2003இல் ஆம்ஸ்டர்டாம் குழு இன்னொன்றைக் காட்டியது: சுண்டெலியின் சிறுகுடலை மட்டும் தொட்டாலும், மறுநாள் இரைப்பையும் மெதுவாகிறது. அழற்சியே நரம்பு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் பிரேக் போடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால் லேப்ராஸ்கோப்பியில் சிறு தழும்பு மட்டும் லாபமில்லை. மும்பையில் உத்வாடியா 1990இல் அந்த முறையில் பித்தப்பையை எடுத்தார், இந்தியாவில் அதுதான் முதல். குடல்மேல் கை படுவது குறைகிறதே, அதுவும் லாபம். டென்மார்க்கின் கெலெட் 1990களில் பட்டினி போடுகிற வழக்கத்தையே கேள்வி கேட்டார்: சீக்கிரம் சாப்பிடட்டும், சீக்கிரம் நடக்கட்டும், மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைப்போம். அவையும் குடலை மந்தமாக்குபவைதான்.

எனக்குப் பிடித்தது 2002இல் ஜப்பானில் நடந்த சோதனை. பெருங்குடல் ஆபரேஷன் ஆன 19 பேரில் ஒரு பகுதியினருக்குச் சூயிங்கம் கொடுத்தார்கள். மென்றவர்களுக்குச் சராசரியாக 2.1 நாளில் காற்று பிரிந்தது, மற்றவர்களுக்கு 3.2 நாளில். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் இவ்வளவு இல்லை. ஆனாலும் யோசனை அழகு: வாய் மெல்லும்போது வேகஸ் நரம்பு வழியாகக் குடலுக்கு 'சோறு வருது, எந்திரி' என்று ஒரு பொய்த் தகவல் போகிறது.