கலப்புக் குஞ்சு வாங்கப் போன கதை

எங்க வீடு ஹைதராபாத்தில் ராஜேந்திரநகர் பக்கம், கீழ்த்தளம். பின்னாடி ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும் மண் தரை. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா காலமான பிறகு அம்மையை இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த நாலாம் மாசமே, "எனக்கு சபரியில ஒரு டிக்கெட் போட்டிரு மக்கா" என்று ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டில் பேச பாஷை இல்லை. டிவியும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஊரில் சித்தி வீட்டில் விட்டு வந்த ஏழு கோழிகளைப் பற்றி மட்டும் தினமும் ஒரு தடவை பேச்சு வரும். அதில் நாலு ஏற்கெனவே குழம்பாகிவிட்ட சங்கதியை நாங்கள் இன்னும் சொல்லவில்லை :-)

சரி, இங்கேயே கோழி வளர்க்கலாமே என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. தெருவில் சைக்கிளில் கூடை வைத்துக்கொண்டு வந்தவரிடம் ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் போட்ட குஞ்சுகள். நம்ம ஊர்த் திருவிழாக்களிலும் பார்த்திருப்பீர்கள். மகள் அடம்பிடித்து எட்டு வாங்கினாள். ஒரு வாரத்தில் ஆறு போய்விட்டது. மிஞ்சிய இரண்டும் சேவல். அப்புறம்தான் தெரிந்தது, எட்டுமே சேவலாகத்தான் இருந்திருக்கும் என்று. முட்டைக்கோழி பொரிப்பகங்களில் குஞ்சு பொரிந்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். அந்த ஜாதி ஆண் குஞ்சு முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது. பெரும்பாலும் அழித்துவிடுவார்கள். தப்பித்த கொஞ்சம்தான் சாயம் பூசி சைக்கிள் ஏறுகிறது. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

"சந்தையில நல்ல குஞ்சா பார்த்து வாங்கணும்லா" என்றாள் அம்மை. இங்கே நாட்டுக்கோழிக்கு 'நாட்டுக் கோடி' என்று பெயர். விலையைக் கேட்டால் பெயர்ப் பொருத்தம் புரியும்! ஆபீஸில் ஒரு நண்பர், "வனராஜா வாங்கு, கிராமப்ரியா வாங்கு, உன் வீட்டுப் பக்கத்திலேயே கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறதே" என்றார். எதை வாங்குவது என்று தேட ஆரம்பித்தவன், தேடித் தேடி எங்க ஊருக்கே போய்ச் சேர்ந்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒன்று. 'சுத்த நாட்டுக்கோழி' என்று நாம் பெருமையாகச் சொல்வதே ஒரு கலப்பு. வீட்டுக்கோழிக்கு மூதாதை தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் கால், மஞ்சள் தோல் உள்ள கோழிகளுக்கு அந்த நிறத்தைத் தரும் மரபணு, தென்னிந்தியக் காடுகளில் இன்றும் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்கப் பரவிய வெள்ளை லெக்ஹார்னுக்கும் கால் மஞ்சள்தான். ஆக, இத்தாலிக் கோழியின் காலில் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து இருக்கிறது.

அந்த லெக்ஹார்ன்தான் எங்க ஊர்க் கதையில் வில்லனோ கதாநாயகனோ. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரை வாங்கிக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போய், அங்கே முட்டை மெஷினாகத் தேறியது. 1920களில் மார்த்தாண்டத்தில், அப்போது அது திருவிதாங்கூர், ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமப் புனரமைப்பு மையம் ஆரம்பித்தது. சேலத்துக்காரரான கே.டி. பால் ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமங்கள் பக்கம் திருப்பியவர். மார்த்தாண்டத்தில் அதை நடத்தியவர் அமெரிக்க விவசாய நிபுணர் ஸ்பென்சர் ஹாட்ச். தேனீ வளர்ப்பு அங்கிருந்துதான் பரவியது. மார்த்தாண்டம் தேன் என்று இன்றைக்கும் பெயர் இருக்கிறதே, அது. தேனோடு கோழியும் வந்தது. வெள்ளை லெக்ஹார்ன் சேவலை ஊர்ப் பெட்டைகளோடு விட்டால் அடுத்த தலைமுறை கூடுதல் முட்டை போடும், முட்டையை எல்லோரும் சேர்ந்து விற்கலாம் என்பது யோசனை. குடிசை வீட்டுப் பெண்கள் கையில் நாலு காசு புழங்க வைக்க அன்றைக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. ஹாட்ச் தன் அனுபவங்களை 1932ல் புத்தகமாகவும் போட்டார்.

இதை நான் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி அம்மையிடம் சொன்னபோது, அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எங்கம்மைக்க வீட்டுலயும் ஒரு வெள்ளச் சேவல் நின்னுது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்க குஞ்சுகள் நல்லா முட்டை போடும். ஆனா வெள்ள நெறம்லா, பருந்து எங்க நின்னாலும் பார்த்துப்போடும். மிஞ்சினது ஒண்ணும் அடை இருக்காது. முட்டையப் போட்டுட்டு அதுபாட்டுக்குப் போவும். ஆச்சி வெறுத்துப்போய் பழைய கோழிக்கே திரும்பிட்டா."

ஐம்பது வருஷம் கழித்து விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த இடத்துக்கு ஆச்சி எப்போதோ போய்விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

விடுதலைக்குப் பிறகு அரசாங்கமும் இதே வழியில்தான் போனது. வெளிநாட்டு இனங்களைப் பண்ணைகளில் பெருக்கி, ஊர்களுக்குக் குஞ்சும் சேவலும் கொடுத்தார்கள். 1960, 70களில் ஆட்டமே மாறியது. கோழி கொல்லையை விட்டுக் கூண்டுக்குப் போனது. நாமக்கல் முட்டை நகரமானது. கூண்டுக் கோழி இப்போது வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. கொல்லைக் கோழியோ 50, 60 முட்டையோடு அப்படியே நின்றது. அதைச் சீந்துவாரில்லை.

மறுபடி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தது 1980களின் கடைசியிலிருந்துதான். இந்தத் தடவை வெள்ளை நிறத்தை விட்டுவிட்டார்கள். பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் கிரிராஜா வந்தது. 1988ல் ஹைதராபாத்தில் கோழித் திட்ட இயக்குநரகம் தொடங்கியது, அங்கிருந்து வனராஜாவும் கிராமப்ரியாவும். உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம் இஜத்நகரில் இருக்கும் மத்திய நிறுவனம் அசில், கடக்நாத், கழுத்தறுத்தான், இறகு சுருண்ட கோழி என்று நாட்டு ரகங்களையே எடுத்து, ஒரு சிவப்பு முட்டை இனத்தோடு சேர்த்தது. குர்கானில் கெக் ஃபார்ம்ஸ் வினோத் கபூர் 'குரோய்லர்' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். குஞ்சை இரண்டு மூன்று வாரம் வளர்த்து, தடுப்பூசி போட்டு, சைக்கிள்காரர்கள் மூலம் ஊர் ஊராக விற்றார்கள். நம்ம ரோஸ் கலர் சைக்கிள்காரர் மாதிரி இல்லை, இது நிஜமான வியாபாரம். அந்தக் கோழி பின்னாளில் உகாண்டா வரை போனது.

எனக்குப் பிடித்தது வனராஜாவின் பூர்வீகம். அதன் தகப்பன் வழி சிவப்பு கார்னிஷ். கார்னிஷ் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவானது, அதற்கு அங்கே பழைய பெயர் 'இண்டியன் கேம்'. காரணம், அதில் நம்ம அசில் ரத்தம். அசில் என்றால் ஆந்திராவில் இன்றும் பெயர் பெற்ற சண்டைச் சேவல் இனம். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், அங்கே கலந்து, சதை வைத்து, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஹைதராபாத்தில் வந்து இறங்கியிருக்கிறது. எச்1பி போய்த் திரும்பி வந்த நம்ம ஆட்கள் மாதிரி :-)

சரி, இதில் எதை வாங்குவது? முட்டை வேண்டுமானால் கிராமப்ரியா. கொல்லையில் மேய்ந்தே வருஷத்துக்கு 160, 170 வரை, அதுவும் பழுப்பு ஓடு. முட்டையும் கறியும் என்றால் வனராஜா. 100, 110 முட்டை, சேவல் நல்ல எடை வரும். ஆனால் வனராஜாவுக்கு ஆசையாசையாகத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தால் ஓடவும் முடியாது, முட்டையும் குறையும், நாய் பூனைக்குச் சுலபம். இரண்டுக்குமே முதல் ஆறு வாரம் நம்ம வேலை. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பொரிப்பகத்திலேயே மேரக்ஸ் ஊசி போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா சொட்டு. அது வெள்ளைக்கழிச்சலுக்கு. 1920களில் குமாவுன் மலையில் ராணிகேத்தில் கண்டுபிடித்ததால் இந்தியா முழுக்க அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், பாவம் அந்த ஊர். பல்பு, சூடு, ராத்திரி முழிப்பு முடியாதென்றால் ஆறு வாரக் குஞ்சாகவே வாங்கிவிடுவது நல்லது. விலை கூட, ஆனால் எட்டில் ஆறு சாகாது.

இவ்வளவும் அம்மையிடம் ஒப்பித்தேன். கடைசியில் ஒரே கேள்வி. "அது அடை இருக்குமா?"

இருக்காது. அனேகமாக இருக்காது. நாமே இன்குபேட்டர் வைத்துப் பொரித்தாலும், அந்தக் குஞ்சு தாய் மாதிரி வராது. இரண்டு தனித்தனி வம்சத்தைச் சேர்த்த முதல் தலைமுறைக்குத்தான் அந்தக் குணம். அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, முட்டையும் இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஆபீஸில் போய்ப் புதுக் குஞ்சுதான் வாங்க வேண்டும்.

"அப்ப அது கோழி இல்ல. ரீசார்ஜு."

சிரித்தேன், ஆனால் அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டுக்கோழி 12, 15 முட்டை போடும். 21 நாள் அடை. அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு, இரண்டரை மாசம் மேய்ச்சல். பருந்து வந்தால் சிறகுக்குள் இழுக்கும், பூனை வந்தால் மேலே பாயும். கடைசியில் கொத்திப் பிரித்துவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். வருஷத்துக்கு மூன்று நாலு சுற்று. அந்த 50, 60 முட்டை அப்படித்தான் வருகிறது. அது சோம்பேறிக் கோழி இல்லை. மிச்ச நாளெல்லாம் இன்குபேட்டர், சூட்டு பல்பு, வாட்ச்மேன் மூன்று வேலையும் சம்பளமில்லாமல் பார்க்கிறது. லெக்ஹார்னிலிருந்து அந்த வேலைகளை எடுத்துவிட்டு, அந்த நாட்களையும் முட்டையாக மாற்றினார்கள். எடுத்த வேலை எங்கும் போய்விடவில்லை. பொரிப்பகத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் நமக்கும் வந்து சேர்ந்தது. முட்டை எண்ணிக்கையை அட்டவணையாகப் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை ஏனோ போடுவதில்லை.

வழி சொன்னதும் அம்மைதான். சந்தையில் நன்றாக அடை இருக்கும் ஒரு நாட்டுப் பெட்டையை வாங்குவது, பண்ணையிலிருந்து கலப்பு ரகத்தின் பொரி முட்டையை வாங்கி அதன் அடியில் வைப்பது. ஊர்களில் இதைச் செய்கிறவர்கள் ஏற்கெனவே உண்டு, எனக்குத்தான் புதுசு. குஞ்சு முதல் தலைமுறை, தாய் நாட்டுத் தாய், பல்பு தேவையில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தாய் வளர்த்தாலும் மேரக்ஸ் ஊசியும் சொட்டும் நாமேதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு கறுப்புப் பெட்டை கிடைத்தது. பதினொரு வனராஜா முட்டை. பழைய கூடையில் மணல், மேலே வைக்கோல், முட்டை நடுவில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்கவாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரல் மாசம், சாயங்காலமானால் இங்கே இடிதான்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே, "நீ போட்ட டிக்கெட்டு எண்ணைக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். "அடை எறங்க இருவத்தியொண்ணு. அதுக்குப் பொறவு கொத்திப் பிரிக்கணும். மூணு மாசம் கழிச்சு போடு."

ரயில்வேயில் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு. அதனால் அன்றைக்கு கேன்சல் மட்டும் செய்தேன்.