ஒளியிழை வலையமைப்பு வடிவமைப்பு

ஒளியிழை வலையமைப்பு வடிவமைப்பு என்பது, தரவுகளை ஒளித்துடிப்புகளாகக் கொண்டுசெல்லும் அதிவேகக் கணினி வலையமைப்பு ஒன்றின் இழைவகை, தொலைவு, கருவிகள், பாதை ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு முடிவு செய்யும் பொறியியற் பணியாகும். வடத்தை மண்ணிலோ கடலடியிலோ பதித்தபின் பிழை திருத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் என்பதால் இக்கணக்குகள் முக்கியமானவை.

வரலாறு

கண்ணாடி இழையின் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே குறைக்க முடிந்தால் அது தொலைத்தொடர்புக்குப் பயன்படும் என 1966 இல் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் ஆகியோர் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டினர். 1970 இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் இந்த அளவை எட்டினர். காவோ 2009 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார்.

இழைவகைகள்

பன்முறை இழையின் உள்ளகம் 50 அல்லது 62.5 மைக்ரோமீட்டர் விட்டமுடையது. இது கட்டடங்களுக்குள் குறுந்தொலைவு இணைப்புகளுக்கு ஏற்றது. ஒற்றைமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. நெடுந்தொலைவுக்கு இதுவே பயன்படுகிறது.

ஒளித்திறன் கணக்கு

செலுத்தி 1 மில்லிவாட்டு திறனை அனுப்புகிறது என்றும், வாங்கிக்குக் குறைந்தது 0.01 மில்லிவாட்டு தேவை என்றும் கொள்வோம். இடையில் 20 டெசிபல் இழப்பைத் தாங்கலாம். 60 கி.மீ. தொலைவுக்கான இழப்புகள் வருமாறு:

- இழை (கி.மீ.க்கு 0.25): 15 டெசிபல்
- 12 பற்றவைப்புகள் (ஒவ்வொன்றும் 0.1): 1.2 டெசிபல்
- 2 இணைப்பிகள் (ஒவ்வொன்றும் 0.5): 1 டெசிபல்

மொத்தம் 17.2 டெசிபல். இணைப்பு இயங்கும் என்றே தோன்றும். ஆனால் முதுமையடையும் கருவிகளுக்கும், அறுந்த வடத்தை மீண்டும் பற்றவைப்பதற்கும் 3 டெசிபல் ஒதுக்கினால் 20.2 ஆகிவிடுகிறது. எனவே தொலைவைக் குறைக்க வேண்டும், அல்லது எர்பியம் கலந்த இழைப் பெருக்கியைச் சேர்க்க வேண்டும். இப்பெருக்கி ஒளியை மின்குறிப்பாக மாற்றாமலேயே பெருக்குகிறது. எனவே ஒரே இழையில் பல அலைநீளங்களை அனுப்பும்போது, அவை அனைத்துக்கும் ஒரே பெருக்கி போதும்.

நிறப்பிரிகை

போதிய ஒளி சென்றடைந்தாலும் இணைப்பு செயற்படாமல் போகலாம். வெவ்வேறு அலைநீளங்கள் இழையில் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்புகள் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எளிய துடிப்பு முறையில், தரவு வேகம் 4 மடங்கானால் தாங்கக்கூடிய நிறப்பிரிகை 16 மடங்கு குறைகிறது. நொடிக்கு 100 கிகாபிட்டும் அதற்கு மேலும் செல்லும் நெடுந்தொலைவு இணைப்புகளில், வாங்கியிலுள்ள எண்ணிமக் குறிப்புச் செயலாக்கம் இதனை ஈடுசெய்கிறது.

மாற்றுப் பாதை

2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கடலடி வடங்கள் சேதமடைந்தன. மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் இணையச் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. இரண்டு வடங்கள் இருந்தும் அவை ஒரே பகுதியினூடே சென்றால், ஒன்று மற்றொன்றுக்கு முழுமையான மாற்றாகாது. ஆகவே வடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அவை செல்லும் பாதைகள் தனித்தனியானவையா என்பதையும் வடிவமைப்பாளர் உறுதி செய்ய வேண்டும்.