இணையவழி பிரிட்ஜ் போட்டிகளும் காணாமற்போகும் அமைப்பாளர்களும்

பிரிட்ஜ் நால்வர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே அமரும் இருவர் ஒரு ஜோடி. 52 சீட்டுகளை ஆளுக்கு 13 ஆகப் பிரித்து, எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று ஏலம் கேட்டுப் பின்னர் ஆடுவார்கள். 28, 304 ஆடிப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதாக இராது. ஆனால் திண்ணையில் ஆடும் 304-க்கு நடுவர் எவரும் தேவையில்லை. தகராறு வந்தால் குரல் ஓங்கியவர் பக்கம் தீர்ப்பு. போட்டி பிரிட்ஜ் அப்படி நடக்க முடியாது. அங்கே இயக்குநர் என்ற ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இதன் காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1857-இல் லண்டனில் 'கேவண்டிஷ்' என்ற புனைபெயர் கொண்ட ஹென்றி ஜோன்ஸ் ஒரு சோதனை செய்தார். பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டத்தில், ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆட வைத்தார். ஒரு மேசையில் திறமைசாலிகளுக்குக் கிடைத்த சீட்டு, மறு மேசையில் திறமை குறைந்தவர்களுக்குக் கிடைத்தது. நல்ல சீட்டு வந்ததால் வென்றார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 1925-இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் ஒரு கப்பற்பயணத்தின்போது இன்றைய காண்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தபின், இந்த 'டூப்ளிகேட்' முறையே போட்டிகளின் முதுகெலும்பாயிற்று. ஒரே சீட்டை இருபது மேசைகளில் ஆடி, முடிவுகளை ஒப்பிட்டுப் புள்ளி வழங்குவார்கள். ஆகவே ஏழாவது மேசையில் நடந்த பிழை அந்த நால்வரோடு நிற்பதில்லை. மற்றப் பத்தொன்பது மேசைகளின் புள்ளிகளையும் அசைத்துவிடும். 'பரவாயில்லை, விடுங்கள்' என்று எதிராளிக்குப் பெருந்தன்மை காட்டும் உரிமைகூட ஆட்டக்காரருக்கு இல்லை. டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டத்தின் 10-ஆம் விதி, பிழைக்குரிய பரிகாரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இயக்குநருக்கே தருகிறது.

இந்தப் பணியின் பழைய முன்மாதிரிகளுள் ஒருவர் ஆல்ஃபிரட் குருந்தர். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய கல்பர்ட்சன் - லென்ஸ் ஆட்டம் 150 ரப்பர்கள் நீண்டு 1932 ஜனவரியில் முடிந்தது. பத்திரிகைகள் இதை ஒரு போர் போலவே எழுதின. அதற்குத் தலைமை நடுவராக இருந்த குருந்தர் அப்போது வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த இளம் லெப்டினண்ட். வகுப்பு முடிந்ததும் நியூயார்க் சென்று, நள்ளிரவு தாண்டி ஊர் திரும்பி, காலையில் மீண்டும் வகுப்பில் நிற்பார். இவரே பின்னாளில், 1953 முதல் 1956 வரை, நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியாக இருந்தவர். போட்டி நடத்துவது பற்றி இவர் 1933-இல் எழுதிய நூல் இயக்குநர்களுக்கு நெடுங்காலம் கையேடாக இருந்தது. மேசைக்கு ஆள் வந்து நிற்பதே இயக்குநர் பணியின் பாதி என்பதை இவரது வாழ்க்கை காட்டுகிறது.

இணையத்துக்கு வந்தபின்

1990-இல் ஓகே பிரிட்ஜ் என்ற நிரல் தோன்றியது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நால்வர் கணினிவழி ஒரு மேசையில் அமர அது வழிசெய்தது. 2001-இல் கனடாவைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஃபிரெட் கிட்டல்மன் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் இலவசமாகவே எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அங்கே தன்னார்வலர் ஒருவர் தாமே ஒரு போட்டியை உருவாக்கி, நேரம் குறித்து, ஆட்களைச் சேர்க்கலாம். சீட்டுப் பிரிப்பது, மேசை மாற்றுவது, புள்ளி கணக்கிடுவது எல்லாம் நிரலின் வேலை. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கூட்டிக் கழித்த பழைய இயக்குநர்கள் இதைக் கண்டு பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இயக்குநரின் அன்றாட வேலைகளில் பலவற்றை நிரல் விழுங்கிவிட்டது என்பது உண்மை. கையில் அந்த இனச் சீட்டு இருக்கும்போது வேறு இனம் போடுதல், முறை மாறி ஏலம் கேட்டல், முறை மாறிச் சீட்டு இறக்குதல் ஆகிய மூன்றையும் கணினி அனுமதிக்காது. இதைப் பார்த்துத்தான் 'இனி இயக்குநர் எதற்கு?' என்ற எண்ணம் அமைப்பாளர்களிடையே பரவியது. போட்டியை உருவாக்கிவிட்டு, அது தானாக ஓடும் என்று எழுந்து போனவர்கள் பலர்.

ஆனால் நிரலால் தீர்க்க முடியாதவையே கடினமானவை. இணைப்பு அறுந்து ஒருவர் மறைகிறார், மூவர் காத்திருக்கிறார்கள். ஓர் ஏலத்தின் பொருளைக் கேட்டவருக்குத் தவறான விளக்கம் வருகிறது. தோற்கும் நிலையில் உள்ளவர் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறார். நேரக் கட்டுப்பாடுள்ள போட்டியில் சுற்று முடிந்ததும் மேசை மாறிவிடும். ஆடி முடிக்காத போர்டுக்குச் சராசரிப் புள்ளி விழும். வெல்லவேண்டிய ஆட்டத்தை வைத்திருந்த ஜோடிக்கு அது இழப்பு, தாமதித்தவருக்கோ பரிசு. இயக்குநர் இருந்தால், சட்டத்தின் 12-ஆம் விதிப்படி பிழை செய்யாதவருக்கு 60 விழுக்காடும், பிழைக்கு நேரடிக் காரணமானவருக்கு 40 விழுக்காடும், ஓரளவே பொறுப்பானவருக்கு 50 விழுக்காடும் வழங்கியிருப்பார். அவர் இல்லாத இடத்தில், நியாயம் அநியாயம் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

இந்த நிலையைச் சட்டம் எதிர்பாராமல் இல்லை. 80-ஆம் விதி, இயக்குநரை நியமிப்பது போட்டி அமைப்பாளரின் கடமை என்கிறது. நியமிக்கப்பட்டவர் இல்லையென்றால் ஆட்டக்காரர்களே ஒருவரைத் தேர்ந்து அப்பணியை ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு கிளப்பின் கூடத்தில் இது எளிது. மூத்தவர் ஒருவரைப் பார்த்து 'ஐயா, நீங்களே சொல்லுங்கள்' என்றால் முடிந்தது. இணையத்தில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ன செய்வார்? புள்ளியைத் திருத்தும் பொத்தான் அவர் திரையில் இராது. காணாமற்போனவருக்குப் பதில் ஆள் அமர்த்தவும் அவரால் இயலாது. சட்டம் ஆளுக்கு அதிகாரம் கொடுக்கிறது. நிரலோ போட்டியை உருவாக்கியவரின் கணக்குக்கு மட்டும் கொடுக்கிறது. இணையவழி பிரிட்ஜின் இந்தச் சிக்கலுக்கு வேர் இதுதான்.

மறைந்துபோகும் அமைப்பாளர்கள் எல்லோரையும் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவதும் முறையாகாது. ஊதியமில்லாத வேலை. ஒரே ஆள் இருபது மேசைகளின் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மின்சாரம் போகலாம், இணைப்பு அவருக்கும் அறுந்துபோகும். தாமும் ஆடிக்கொண்டே போட்டியை நடத்துபவர்கள் உண்டு. கிளப்புகளில் அது பழைய வழக்கம்தான். ஆனால் தம் சீட்டைப் பார்ப்பாரா, அழைப்பைப் பார்ப்பாரா?

நடைமுறையில் சில வழிகள் உருவாயின. அவற்றுள் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும், போட்டியை உருவாக்கும்போதே துணை இயக்குநர்களின் பெயர்களைச் சேர்த்துவிடுவது. ஒருவர் விழுந்தாலும் மற்றவர் கையில் பொத்தான் இருக்கும். இதைச் செய்யாத அமைப்பாளரின் போட்டியை அனுபவசாலிகள் தவிர்க்கத் தொடங்கினர். அமெரிக்கக் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் சங்கம் தன் அங்கீகாரத்துடன் நடத்திய இணையப் போட்டிகளில் கட்டணம் வாங்கி இயக்குநர்களை அமர்த்தியது. பணம் கொடுத்தவனுக்கு ஆளைக் கூப்பிடும் உரிமை வந்துவிடுகிறதல்லவா! இன்னொரு வழி, இயந்திர மனிதர்களோடு ஆடும் போட்டிகள். ஒருவர் மூன்று ரோபோக்களோடு தமக்கு வசதியான நேரத்தில் ஆடி முடிக்கலாம். ரோபோ கோபித்துக்கொண்டு எழுந்து போகாது, தாமதிக்காது. தகராறே இல்லாததால் இயக்குநருக்கும் வேலையில்லை. இது சிக்கலைத் தீர்த்ததா, எதிரே அமரும் மனிதரையே நீக்கிவிட்டதா என்பது வாதத்துக்குரியது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று கிளப்புகளை மூடியபோது நிலைமை மாறியது. ஊர்க் கிளப்புகள் அப்படியே இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. கூடத்தில் நின்ற அதே இயக்குநர் திரைக்கு வந்தார். தெரிந்த முகம், தெரிந்த பெயர். சொல்லாமல் மறைந்துவிட்டு மறுநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட முடியுமா? அவ்வாண்டிலேயே தொடங்கிய ரியல்பிரிட்ஜ் தளத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் காணொளியில் பார்த்தபடி ஆடுகிறார்கள். அங்கே அழைத்தால், இயக்குநர் மேசைக்கே வந்து, முகம் காட்டி, இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்.