பி.ஏ. வரலாறு பிறந்த கதை

வரலாறு என்பது வசதியுள்ள கனவான்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொள்ளும் சங்கதி. அதற்கு வகுப்பு எதற்கு, தேர்வு எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தன. பட்டம் வேண்டுமானால் கிரேக்கமும் லத்தீனும் படிக்க வேண்டும், அல்லது கணிதம். பழைய ஏதென்ஸ், ரோம் கதைகள் அந்த மொழிப் படிப்போடு சேர்ந்தே வந்துவிடும். ரோமுக்குப் பிந்தைய உலகத்துக்குத்தான் இடமில்லை.

பேராசிரியர் மட்டும் இருந்தார். 1724-ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் நவீன வரலாற்றுக்கு ஆளுக்கொரு பதவி ஏற்படுத்தினார். ஐரோப்பிய மொழியும் நடப்பும் தெரிந்த இளைஞர்கள் தூதரக வேலைக்குத் தேவைப்பட்டார்கள். திட்டம் சீக்கிரமே படுத்துவிட்டது; சம்பளம் மட்டும் நிற்கவில்லை. 1768-ல் கேம்பிரிட்ஜில் அந்தப் பதவிக்கு வந்த கவிஞர் தாமஸ் கிரே, 1771-ல் இறக்கும்வரை ஒரு சொற்பொழிவுகூட ஆற்றவில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தேர்வில் வராத பாடத்தைக் கேட்க எந்த மாணவன் வருவான்?

1850-ல் ஆக்ஸ்போர்டு அந்த முடிச்சை அவிழ்த்தது. சட்டத்தையும் நவீன வரலாற்றையும் சேர்த்து ஒரு பாடப்பிரிவு. முதல் தேர்வு 1853-ல். வரலாற்றுக்குக் கிடைத்தது சட்டத்தோடு ஒண்டுக்குடித்தனம்தான். கிரேக்க, லத்தீன் தேர்வை முடித்த பிறகே இந்தப் பக்கம் வரலாம் என்ற நிபந்தனை வேறு. தனி வீடு 1872-ல்தான் அமைந்தது.

அதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்டப்ஸ். 1866-ல் பேராசிரியரானார். வரலாறு சோம்பேறிகளுக்கான சுலபப் பாடம் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. 1870-ல் அவர் வெளியிட்ட ஆவணத் தொகுப்பு அதற்கு நல்ல மருந்து: முதலாம் எட்வர்டு காலம் வரையிலான இங்கிலாந்தின் சாசனங்கள், பெரும்பாலும் இடைக்கால லத்தீனில். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்டப்ஸின் சொந்த வகுப்புகளில் கூட்டம் சேரவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவில், அதுவும் ஆர்வமில்லாத முகங்கள். 1884-ல் பிஷப் ஆகிப் போய்விட்டார். மாணவனைத் தேர்வுக்குத் தயார் செய்தது பேராசிரியர் அல்ல, கல்லூரியின் டியூட்டர். வாரம் ஒரு கட்டுரை எழுதி அவர்முன் வாசித்தால் போதும்.

கேம்பிரிட்ஜில் 1873-ல் வரலாற்றுக்குத் தனித் தேர்வு ஒப்புதல் பெற்றது. முதல் தேர்வு 1875-ல் நடந்தது. அங்கே பேராசிரியர் ஜான் சீலிக்கு ஆவண மோகம் கிடையாது. நாட்டை ஆளப்போகிறவர்களுக்கான பயிற்சிக்கூடம் என்றே வரலாற்றைப் பார்த்தார். அதனால் அரசியல் கோட்பாடு, பொருளாதாரம், சர்வதேசச் சட்டம் எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்தன. இங்கிலாந்தின் விரிவாக்கம் பற்றி 1883-ல் வெளியான அவரது சொற்பொழிவுகளில் ஏறக்குறைய பாதி இந்தியாவைப் பற்றியதுதான்! இந்தியாவை ஆள வரப்போகும் இளைஞர்களும் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

ஆள்வதற்கான படிப்பு என்றால் பெண்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள் போலும். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படித்து, வரலாற்றில் முதல் வகுப்பில் தேறி, பின்னாளில் லண்டனில் பேராசிரியரான எய்லீன் பவர் 1940-ல் இறந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்.

அடுத்த சண்டை 1904-ல். ஆக்ஸ்போர்டில் புதிதாகப் பேராசிரியரான சார்லஸ் ஃபர்த், பதவியேற்பு உரையிலேயே குண்டு போட்டார்: இங்கே படித்தவனுக்குத் தேர்வு எழுதத் தெரியும், மூல ஆவணத்தைக் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாது. டியூட்டர்கள் கொதித்துப்போய்க் கூட்டாக மறுப்பு எழுதினார்கள். எனக்கு அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞராகவும் பாதிரியாராகவும் அதிகாரியாகவும் போகிறவர்கள்; அத்தனை பேரையும் ஆவணக் காப்பகத்தில் உட்காரவைத்து என்ன ஆகப்போகிறது?

ஃபர்த் கேட்டதை மான்செஸ்டரில் தாமஸ் டௌட் செய்து காட்டினார். இளங்கலை மாணவனே கடைசி ஆண்டில் மூல ஆவணங்களைப் படித்து ஆய்வேடு எழுத வேண்டும் என்று வைத்தார். இன்று ஆக்ஸ்போர்டிலும் வரலாற்று மாணவர் ஆய்வேடு எழுதித்தான் ஆக வேண்டும். டியூட்டருக்குக் கொடுக்கும் கட்டுரைகளிலிருந்தும் விடுதலை கிடைக்கவில்லை.