பதினெட்டு ஆசனங்களின் எடை: இலங்கைப் பாராளுமன்றத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி, மன்னார்த் தொகுதியை முன்வைத்து

முன்னுரை

மன்னார்–பூநகரி வீதியில், விடத்தல்தீவுக்குத் தெற்கே வரும் பாப்பாமோட்டை, தேர்தல் கணக்கில் மன்னார்த் தொகுதியைச் சேர்ந்த ஊர். தமிழ்க் கட்சிகளின் பாராளுமன்ற வரலாறு பெரும்பாலும் யாழ்ப்பாணத் தொகுதிகளை வைத்தே எழுதப்பட்டுவருகிறது. இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாக்களித்த மன்னாரிலிருந்து அதே வரலாற்றைப் பார்க்கும்போது அதன் திருப்பங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. 1947 முதல் 1977 வரையான முப்பது ஆண்டுகளில் அமைச்சரான சுயேச்சை, சமஷ்டி கேட்ட கட்சி, ஐக்கிய தேசியக் கட்சி, தனிநாடு கேட்ட கூட்டணி ஆகிய நான்கையும் இத்தொகுதி கொழும்புக்கு அனுப்பியது.

தமிழ்க் கட்சியொன்றின் பாராளுமன்ற வலு அதன் ஆசன எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படவில்லை. தென்னிலங்கையின் இரு பெருங்கட்சிகளும் எவ்வளவு நெருக்கமாக மோதின என்பதே அதைத் தீர்மானித்தது. இக்கருத்தை இக்கட்டுரை தேர்தல் முடிவுகளைக் கொண்டு நிறுவ முயல்கிறது.

அமைச்சரவையிலிருந்து சமஷ்டிக்கு

1947இல் மன்னாரில் சுயேச்சையாக வென்ற சி. சிற்றம்பலம், டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சரானார். ஆளுந்தரப்பில் ஒருவர் இருந்தால் தொகுதிக்கு நன்மை கிட்டும் என்பது அக்காலத் தமிழ் அரசியலில் வலுவாக இருந்த எண்ணம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எண்ணத்தை அசைத்தது. 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956இல் அக்கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. மன்னாரில் அதன் வேட்பாளர் வி. ஏ. அழகக்கோன் வென்றார்.

தமிழரசுக் கட்சி கேட்டது சமஷ்டி. பிரிவினை அன்று அதன் கோரிக்கை ஆகவில்லை. அக்கட்சிக்குப் பாராளுமன்றத்தில் கிடைத்த மிகப்பெரிய வாய்ப்புகள் இரண்டும் இந்தக் காலத்தவையே.

பேரம் பலித்த ஆண்டுகள், பலிக்காத ஆண்டுகள்

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15 என ஆசனங்கள் பிரிந்தன. டட்லி சேனநாயக்காவின் சிறுபான்மை அரசு சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் கவிழ்ந்தபோது எதிர்த்து வாக்களித்தோரில் தமிழரசுக் கட்சியினரும் இருந்தனர். அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனம் கூடி 16 ஆனது. ஆனால் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களை எடுத்து, இடதுசாரிகளின் துணையுடன் ஆட்சி அமைத்தது. தமிழரின் வாக்கு அதற்குத் தேவைப்படவில்லை. 1961இல் தமிழரசுக் கட்சி கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகம் இருந்ததற்கு, பாராளுமன்றக் கதவு இப்படி அடைபட்டதும் ஒரு காரணம்.

1965இல் எண்கள் மறுபடி நெருங்கின. ஐ.தே.க. 66, சுதந்திரக் கட்சி 41, தமிழரசுக் கட்சி 14. மார்ச் 24இல் டட்லி–செல்வநாயகம் உடன்பாடு கைச்சாத்தானது. மு. திருச்செல்வம் செனட்டராகி உள்ளூராட்சி அமைச்சரானார். உறுதியளிக்கப்பட்ட மாவட்ட சபைகள் வெள்ளை அறிக்கையோடு நின்றுபோயின. 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். அமைச்சர் பதவி கிடைத்தது, அதிகாரப் பகிர்வு கிடைக்கவில்லை என்ற அனுபவமே இதன் மிச்சம்.

1970இல் சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. 13 ஆசனங்களோடு அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற தமிழரசுக் கட்சி, தன் திருத்தங்கள் ஒதுக்கப்பட்டதும் 1971இல் வெளியேறியது. 1972 மே மாதம் தமிழரசுக் கட்சி உட்படத் தமிழ்க் கட்சிகள் இணைந்த தமிழர் ஐக்கிய முன்னணி உருவானது. அதே மாதம் 22ஆம் திகதி குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. செல்வநாயகம் தம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். 1975 பிப்ரவரி வரை இழுத்தடிக்கப்பட்ட இடைத்தேர்தலில் பெருவெற்றி பெற்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கொள்கையாக்கியது.

இந்தக் கொந்தளிப்பின் நடுவில், 1974 இடைத்தேர்தலில் மன்னார் ஐ.தே.க. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்த் தேசியக் கட்சியின் பிடி வடக்கெங்கும் ஒரே சீரானதாக இருக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

உயர்ந்த நாற்காலி, குறைந்த வலு

1977 ஜூலைத் தேர்தலில், தமிழர் ஐக்கிய முன்னணியிலிருந்து உருவான தமிழர் விடுதலைக் கூட்டணி வடமாகாணத்தின் 14 தொகுதிகளையும் வென்றது. மன்னாரை பி. எஸ். சூசைதாசன் மீட்டெடுத்தார். கிழக்கின் நான்கையும் சேர்த்து மொத்தம் 18. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்கியதால், அதைவிட மிகக் குறைந்த வாக்குப் பெற்ற கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாயிற்று. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

பதவியளவில் இது உச்சம். ஆனால் 168 ஆசனங்களில் 140ஐ, அதாவது ஆறில் ஐந்து பங்கை, ஐ.தே.க. வைத்திருந்தது. யாப்பைத் திருத்த 112 போதும். எதிர்க்கட்சி முழுவதும் ஒன்றுதிரண்டாலும் எதையும் தடுக்க இயலாத அவை அது. 1977 ஆகஸ்ட் வன்செயல்களைப் பற்றி அவையில் பேசலாம், ஹன்சாட்டில் பதியலாம், வெளிநாட்டுத் தூதரகங்களின் கவனத்தை ஈர்க்கலாம். 1978 யாப்பையோ 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையோ நிறுத்த முடியாது. கிழக்கில் வென்றவர்களில் மு. கனகரத்தினமும் செ. இராசதுரையும் அடுத்தடுத்து ஆளுங்கட்சிக்குச் சென்றனர். எதிர்க்கட்சித் தலைவருக்குரிய அரச வசதிகளை அமிர்தலிங்கம் ஏற்றதை இளைஞர் இயக்கங்கள் கடுமையாக விமர்சித்தன.

இருந்தும் கூட்டணி பேச்சுவார்த்தையைக் கைவிடவில்லை. 1980இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றது. 1981 ஜூன் 4இல் நடந்த தேர்தலில் யாழ்ப்பாணச் சபையின் 10 ஆசனங்களையும் வென்றது. அத்தேர்தலுக்குச் சில நாள் முன்னர்தான் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. ஜூலையில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சித் தலைவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றியது. அரசின்மீது எதிர்க்கட்சி கொண்டுவரவேண்டிய பிரேரணை இங்கே தலைகீழாயிற்று.

மன்னார் மாநாடும் ஆறாவது திருத்தமும்

1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, பொதுத்தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது. மக்கள் தந்த ஆணைக்கு அப்பால் ஆசனத்தில் அமர்வதில்லை என்ற நிலைப்பாட்டைக் கூட்டணி எடுத்தது. 1983 ஜூலையில் அதன் மாநாடு மன்னாரில் கூடியதும், கறுப்பு ஜூலை வன்செயல்கள் கொழும்பில் மூண்டதும் ஒட்டிய நாட்களில் நடந்தன.

ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. இலங்கைக்குள் தனிநாடு அமைவதை ஆதரிப்பதும் ஊக்குவிப்பதும் குற்றமாயின; ஏழாண்டு வரையான குடியியல் உரிமை இழப்பும் சொத்துப் பறிமுதலும் தண்டனைகளாயின. புதிய சத்தியப்பிரமாணம் செய்யாத உறுப்பினர் அவையில் அமரமுடியாது. கூட்டணியினர் அதை மறுத்தனர். மூன்று மாதம் தொடர்ந்து சமுகமளிக்காததால் அக்டோபரில் அவர்களின் ஆசனங்கள் பறிபோயின. பாப்பாமோட்டை வாக்காளரும் வடக்கின் ஏனைய வாக்காளரும் பாராளுமன்றத்தில் பேச ஆளற்றவராயினர்.

பிற நாடுகளோடு ஓர் ஒப்பீடு

இந்தியா 1963இல் பதினாறாவது திருத்தத்தால் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் உறுதிமொழியை வேட்பாளருக்கும் உறுப்பினருக்கும் விதித்தது. முந்திய ஆண்டில் மாநிலங்களவைக்குச் சென்றிருந்த அண்ணாதுரையின் தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் மாநில ஆட்சியைப் பிடித்தது. கோரிக்கையை விட்டவருக்கு அங்கே மாநில அரசு என்ற மாற்று இருந்தது. இலங்கையில் உறுதிமொழி மட்டும் வந்தது. அதற்கு ஈடான அதிகாரம் எதுவும் கூடவே வரவில்லை.

கனடாவில் 1993இல் கியூபெக் பிரிவினைக் கட்சி 54 ஆசனங்களோடு அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. அங்கு பிரிவினைக் கருத்து குற்றமாக்கப்படவில்லை. அக்கட்சி தேர்தலில் எழுந்தும் விழுந்தும் இன்றுவரை பாராளுமன்றத்துக்குள் இயங்குகிறது.

முடிவுரை

1960இலும் 1965இலும் 15, 14 ஆசனங்கள் அரசைக் கவிழ்க்கவோ அமைக்கவோ போதுமாயிருந்தன. 1977இல் 18 ஆசனங்களும் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் ஒரு சட்டத்தைக்கூட மாற்றப் போதவில்லை. கோரிக்கை மிதமாயிருந்த காலத்தில் பேரவலு கிடைத்தது, ஆனால் உடன்பாடுகள் காப்பாற்றப்படவில்லை. கோரிக்கை உச்சத்தை அடைந்தபோது பேரவலுவே இல்லாமற்போயிற்று. பிற்கால நிகழ்வுகளும் இதையே காட்டுகின்றன. 2015இல் 16 ஆசனங்கள் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். 2018 இறுதியில் தெற்கு இரண்டாகப் பிளந்த யாப்பு நெருக்கடியில்தான் அக்கூட்டமைப்பின் வாக்குகளுக்கு உண்மையான மதிப்பு வந்தது. சமஷ்டி கேட்பது பிரிவினையாகாது என்று 2017 ஆகஸ்டில் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1949இல் தமிழரசுக் கட்சி கேட்டது சட்டத்துக்கு உட்பட்டதே என்று ஆகியிருக்கிறது. ஆறாவது திருத்தமும் நீடிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில், தெற்கின் எண்கள் நெருங்கும் தருணங்களை எழுத்தில் நிலைக்கும் சட்டமாக மாற்றுவதே மன்னாரிலிருந்து செல்லும் எந்தப் பிரதிநிதிக்கும் எஞ்சியுள்ள பாராளுமன்றப் பணி.